குறையும் என்று மட்டும் சொன்ன ரஷீதாம்மா

ரஷீதாம்மா இறந்துபோன செய்தி எனக்கு வந்து சேர்ந்த விதமே எரிச்சலூட்டக்கூடியது. திருப்பத்தூரில் நான் இப்போது வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு அவருடைய தங்கை மகன் இருமல் மருந்து வாங்க வந்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கப் போனவர், ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பி நின்றார். "பெரியம்மா மவுத்தாய்ட்டாங்க. ஒங்களுக்குத் தெரியும்ல?" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? அடக்கம் முடிந்து சில நாட்கள் ஆகிவிட்டன என்றார். காய்ச்சல் என்று படுத்தாராம், எழுந்திருக்கவில்லையாம். ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று கேட்டேன். வாணியம்பாடிக்கும் திருப்பத்தூருக்கும் கடல் ஒன்றும் குறுக்கே இல்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "அவங்கதான் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. மலைல கீற பொம்பளைங்களாம் வேலைய வுட்டுட்டு எறங்கி வந்து அலையும்னு."

எனக்குத் துக்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. போனவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் ரஷீதாம்மாவோடு ஒரு வாரம்கூட வேலை பார்த்திருக்க மாட்டார்கள். நான் மலை ஆஸ்பத்திரியில் பல வருடம் பார்த்தேன். அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்களுக்கும் செய்தி வந்திருக்காது. ஜவ்வாது மலையில் சுடுதண்ணியம்மா என்று நீங்கள் அழைத்தவர் காலமாகிவிட்டார். சொல்லாமல் போனார் என்று நீங்களும் கோபப்பட்டுக்கொள்ளலாம்.

அவரை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுபதுகளின் நடுவில், திருப்பத்தூரிலிருந்து மலையேறி நெல்லிவாசல் நாட்டு மலைக்கிராமங்களுக்குப் போகும் வழியில், கீழே இருந்த வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரி நடத்திவந்தார்கள். நான் அங்கே கம்பவுண்டர். மருந்து கலப்பது, சீட்டு எழுதுவது, கூரையில் ஓடு நகர்ந்தால் ஏறிச் சரிசெய்வது எல்லாம் என் வேலை. வாரத்தில் ஒருநாள் டாக்டர் வருவார். அந்த டாக்டர்தான் ரஷீதாம்மாவை அழைத்துவந்தார். வாணியம்பாடித் தோல் வியாபாரக் குடும்பத்துப் பெண். சென்னையில் பிசியோதெரபி படித்து, பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, அங்கே யாருடனோ சண்டை போட்டுவிட்டு வந்தவர். சண்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை. வந்த வாரத்திலேயே, எதற்கு வேண்டுமானாலும் இருந்திருக்கும் என்று புரிந்துவிட்டது.

வந்ததும் அவர் கேட்டது ஒரு தனி அறை, ஒரு பெரிய அண்டா, ஒரு தொட்டி. அறையும் அண்டாவும் கிடைத்தன. தொட்டிதான் என் உயிரை வாங்கியது. இடுப்பு மட்டும் நீரில் இருக்க வேண்டும், கால் வெளியே இருக்க வேண்டும், முதுகு சாய வேண்டும். நாற்காலிபோல ஒரு தகரத் தொட்டி. திருப்பத்தூர்க் கடைத்தெருவில் தகர வேலை செய்கிறவரிடம் படம் போட்டுக் காட்டினோம். அவர் செய்துவைத்ததைப் பார்க்க இருவரும் போனோம். ரஷீதாம்மா பார்த்தார். பிறகு, பட்டப்பகலில், பர்தாவோடு, கடைவாசலில் அந்தக் காலித் தொட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். தெருவே நின்று பார்த்தது. நான் எதிர்ப்பக்கத்துச் செருப்புக் கடையில் ஏதோ வாங்க வந்தவன்போல நின்றுகொண்டேன். அவர் அங்கிருந்தே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

விளிம்பு தொடையை அறுக்கிறது, சாய்வு போதாது, வெட்டித் திரும்பச் செய்யுங்கள் என்றார். குளிக்கிற தொட்டிதானே, இதற்கு என்ன இவ்வளவு என்று தகரக்காரர் முனகினார். அதற்கு ரஷீதாம்மா சொன்னதை நான் மறக்கவில்லை: "நோவு இல்லாதவங்க எதுல வேணா குந்துவாங்க. இது நோவோட குந்தப்போறவங்களுக்கு."

அவர் மறுபடி வெட்டினார். இவர் மறுபடி ஏறி உட்கார்ந்தார். கடைசியில் அந்தத் தொட்டி தயாரானபோது பஸ் கண்டக்டர் ஏற்ற மறுத்துவிட்டார். ஜீப்பின் மேல் கட்டிக்கொண்டு போனோம். மலைப்பாதையில் பாதியில் ஜீப் நின்றது, மழை பிடித்தது. தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நானும் ஜீப் டிரைவரும் நடந்தோம். பின்னால் குடையோடு வந்த ரஷீதாம்மா, இடிக்காதே, சாய்க்காதே என்று ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. அந்தப் பயணத்தில் எனக்கு வாய்த்த ஒரே சுகம் அதுதான்.

இவ்வளவும் எதற்கு? அடிவயிற்றிலும் இடுப்புக்கூட்டிலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வலியை வைத்துக்கொண்டிருந்த பெண்களுக்காக. மலையில் அப்படி எத்தனையோ பேர் இருந்தார்கள். அதுவரை எனக்கு அது தெரியாது. மருந்துச் சீட்டில் 'வயிற்று வலி' என்று எழுதி, கலக்கிய மருந்தைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். குந்த முடியவில்லை, களை எடுக்க முடியவில்லை, புருஷனோடு இருக்க முடியவில்லை என்பதையெல்லாம் ஒரு பெண் கம்பவுண்டரிடம் எப்படிச் சொல்வாள்? கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கும் ஒன்றும் இல்லை என்ற பதில்தான் கிடைத்திருந்தது. இன்னொரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்று சிலருக்குச் சொல்லியிருந்தார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சிலருக்கு.

எங்கள் டாக்டர் நல்ல மனிதர். காசநோயா, கட்டியா, கிருமியா என்று முதலில் அவர் பார்ப்பார். அப்படி ஏதாவது இருந்தால் அதற்கு வைத்தியம். இல்லாமலும் வலி இருந்தால், "எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதாம்மா, நீ அந்த ரூமுக்குப் போ" என்று கையைக் காட்டுவார். டாக்டர் பார்க்காத யாரையும் ரஷீதாம்மா தொட மாட்டார். காய்ச்சல் இருந்தால் தொட்டிக்கு அனுப்ப மாட்டார். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலும் அப்படித்தான். தூரத்திலிருந்து நடந்து வந்தவர்களை அப்படித் திருப்பி அனுப்புவார். வெளியே வந்து அவர்கள் திட்டுவது என்னைத்தான்.

மாதம்மாள் என்ற பெண்ணை உங்களில் பலருக்குத் தெரியும். முப்பது வயது இருக்கும். கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து வலி. அவளுடைய கணவர் கோவிந்தன் அவளை அழைத்துவந்தார். கீழே ஒரு டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லியிருந்தார். எங்கள் டாக்டர் பார்த்துவிட்டு, எடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை, உள்ளே தசை எல்லாம் இறுகிக் கிடக்கிறது என்றார். ரஷீதாம்மா வராந்தாவில் உட்கார்ந்து இருவருக்கும் பொறுமையாக விளக்கினார். வலி வரும் என்று பயந்து உடம்பு இறுக்கிக்கொள்கிறது, இறுக்க இறுக்க இன்னும் வலிக்கிறது, சூட்டாலும் கை வைத்து நீவுவதாலும் அந்த இறுக்கத்தை விட வைக்கலாம் என்றார்.

கோவிந்தன் கேட்டுவிட்டு, "செரியாய்டுமா? அத்த மட்டும் சொல்லும்மா" என்றார்.

"செரியாய்டும்னு சொல்ல மாட்டேன். கொறையும். எவ்ளோ கொறையும்னு இப்பத் தெரியாது."

"அப்பொறம் இன்னாத்துக்கு இம்மாந்தூரம் நடந்து வர்றது?"

"வலிக்குதே, அதுக்குத்தான்."

கோவிந்தன் எழுந்து, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மாதம்மாள் படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் சுட்டுவிடுமா என்று ரஷீதாம்மாவிடம் கேட்டேன். நான் ஒவ்வொரு மருந்துப் புட்டியையும் கொடுக்கும்போது சொல்கிற வார்த்தை அது. அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க கலர்தண்ணி ஊத்திக் குடுத்து இன்னா வேணா சொல்லிக்குங்க, கம்பவுண்டரே. நான் சொல்லி, அவளுக்கு நாளைக்குத் திரும்ப வலிச்சா, தப்பு அவ ஒடம்பு மேலன்னு நெனப்பா. இதுவரிக்கும் எல்லாரும் அவள அப்படித்தான் நெனைக்க வெச்சிருக்காங்க" என்றார்.

சரியான பேச்சுதான். ஆனால் அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அறை இருக்கிறது, அண்டா கொதிக்கிறது, தொட்டி காலியாகக் கிடக்கிறது. வந்த பெண் போய்விட்டாள்.

சாமை அறுப்பு முடிந்தபின் மாதம்மாள் தன் நாத்தனாரோடு திரும்பி வந்தாள். கணவரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாள் என்று தெரியாது. நான் சந்தோஷத்தோடு தண்ணீரைக் கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே வைத்தேன். ரஷீதாம்மா முழங்கையை விட்டுப் பார்த்து, சூடு அதிகம் என்று திருப்பி அனுப்பினார். ஆற்றிக் கொண்டுபோனேன். சூடு போதாது என்றார். ஒவ்வொரு நாளும் இந்தக் கூத்துதான்.

பெண்கள் இருக்கும்போது அந்த அறைக்குள் நான் போனதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லியும் என் மனைவி பிற்பாடு சொல்லியும் தெரிந்ததுதான். முதல் சில தடவை மாதம்மாள் தன்னைத் தொடவே விடவில்லையாம். ரஷீதாம்மாவும் தொடவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் அவளை உட்காரவைத்து, தானும் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஆடு குட்டி போட்டதா, புளி இந்த வருடம் எப்படி என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே ஆட்கள் காத்திருக்க, உள்ளே புளியைப் பற்றிப் பேச்சு. நான் கேட்டதற்கு, வலிக்கிற இடத்தில் எடுத்தவுடனே கை வைக்கக் கூடாது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார். அப்படித்தான் செய்தார். முதலில் பாதம், பிறகு முழங்கால், தொடை, முதுகு, இடுப்பு. எண்ணெயைச் சூடாக்கி, உள்ளங்கையால் மெதுவாக. அடிவயிற்றை அவர் தொட்டது எப்போதோ பிறகு, அதுவும் மாதம்மாளே அவர் கையை எடுத்து வைத்த பின்புதான்.

ஒருநாள் அவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினார். "தூங்கறா. யாரும் கதவத் தட்டாதீங்க" என்று கிசுகிசுத்தார். வலி வந்ததிலிருந்து பகலில் மாதம்மாள் கண்ணயர்ந்தது அதுதான் முதல்முறையாம். நல்லது. ஆனால் வராந்தாவில் இன்னும் பல பெண்கள் இருந்தார்கள். அன்றைக்கு வேலை அத்தோடு நின்றது. பிள்ளைகள் அழுதன, கடைசி ஜீப் போயிற்று, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரஷீதாம்மா வாசல்படியில் உட்கார்ந்து, காவல் காப்பவர்போல, சத்தம் போட்டவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு வந்தது அந்த வார்த்தை. மசாஜ். நோயாளி ஒருத்தியின் உறவினர் யாரோ கீழே போய், ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு மசாஜ் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் அந்த வார்த்தைக்கு ஊரில் ஒரே அர்த்தம்தான். ஆஸ்பத்திரியை நடத்திய குழுவின் செயலாளர் வாடகைக் கார் வைத்துக்கொண்டு மலைக்கு வந்தார். கெட்டவர் அல்ல. கெட்ட பெயர் என்றால் பயந்து நடுங்குகிறவர், அவ்வளவுதான். வந்தவர் நேராக அந்த அறைக்கு நடந்தார். உள்ளே ஒரு பெண் இருந்தாள். ரஷீதாம்மா வெளியே வந்து, கதவை முதுகுக்குப் பின்னால் சாத்திவிட்டு நின்றார்.

இனிமேல் கதவு திறந்தே இருக்க வேண்டும், ஒளிவுமறைவு கூடாது என்று செயலாளர் சொன்னார். ரஷீதாம்மாவின் கைகளிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒங்க வூட்டு அம்மாவ அனுப்புங்க. அவங்க உள்ள வந்து எத்தன நேரம் வேணா பாக்கட்டும். நீங்க பாக்க முடியாது. கதவும் தொறக்க முடியாது."

"நான் யாரு தெரியுமாம்மா?"

"தெரியுங்க. அதனாலதான் மரியாதையா சொல்றேன்."

நான் நடுவில் நின்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் துணி எடுத்துத் தரையில் சொட்டிய எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தேன். செயலாளர் திரும்பிப் போனார். அறையை மூட அவருக்குத் தைரியம் இல்லை, டாக்டர் கோபித்துக்கொள்வார். அதனால் விறகை நிறுத்தினார். அந்த மாதத்திலிருந்து அண்டாவுக்கு விறகு வரவில்லை. ரஷீதாம்மாவிடம் சொன்னேன். ஒரு முறை விட்டுக்கொடுத்துப் பேசிப் பாருங்கள், உங்களுக்காக இல்லாவிட்டாலும் இவர்களுக்காக என்றேன். எதை விட்டுக்கொடுப்பது, கதவையா என்று கேட்டார். பதில் வராமல் செய்வதில் அவர் கெட்டிக்காரர்.

மறுவாரம் பெண்கள் வரும்போது ஆளுக்கு ஒரு சுமை காய்ந்த சுள்ளி கொண்டுவந்தார்கள். இடுப்பு வலிக்கு வைத்தியம் பார்க்க வருகிறவள் தலையில் சுமையோடு மலையேறி வருகிறாள். ரஷீதாம்மா வராந்தாவில் நின்று அத்தனை பேரையும் திட்டினார். தலையில் தூக்கக் கூடாது என்று நான் சொன்னது யாருக்கு என்று கத்தினார். அவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரமும் கொண்டுவந்தார்கள். அதற்கடுத்த வாரம் வனக்காவலர் வழியில் நிறுத்தி விறகைப் பிடுங்கிக்கொண்டார். ரஷீதாம்மா நேராக அவரிடம் போய்ச் சண்டையிட்டார். சண்டை முடிந்தபோது விறகும் திரும்ப வரவில்லை, இனிமேல் அந்தப் பக்கம் யாரையும் விடமாட்டேன் என்ற மிரட்டலும் சேர்ந்தது. அண்டா அணைந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம். பெண்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ரஷீதாம்மா அறையைக் கழுவினார், காய்ந்த தொட்டியைக் கழுவினார், வேறு வேலை இல்லாததால் என் மருந்து அலமாரியில் குறை கண்டுபிடித்தார்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் காலையில் கோவிந்தன் வந்தார். தன் பட்டா நிலத்தில் நின்ற பட்டுப்போன புளியமரத்தை வெட்டி, அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து காவடி கட்டித் தூக்கிவந்திருந்தார். கேட்பவர்களிடம் காட்ட நில ரசீதையும் மடியில் வைத்திருந்தார். சுவரோரம் அடுக்கினார். அடுக்கி முடிந்ததும் ரஷீதாம்மா வெளியே வந்து, மாதம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

"குந்தி களை எடுக்கறாம்மா" என்றார் கோவிந்தன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மொத்தமா போகல. நீங்க சொன்னாமாரிதான்" என்றார்.

ரஷீதாம்மா தலையாட்டிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது, விறகை மழை படுகிற இடத்தில் அடுக்க விட்டேன் என்று என்னைத் திட்டினார்.

அதற்குப் பிறகு மற்ற ஊர் ஆட்களும் அவரவர் நிலத்திலிருந்து விறகு கொண்டுவந்து போட்டார்கள். ஆண்கள்தான் தூக்கி வந்தார்கள்.

இனி என் கதை. இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாவிட்டால் அவரைப் பற்றி எழுதியதாகாது. எனக்கும் அந்த வலி இருந்தது. ஆணுக்கும் அது வரும் என்பது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அடிவயிற்றுக்குக் கீழே, உட்காரும் இடத்தில், கண்ணாடித் துண்டின்மேல் உட்காருவதுபோல. சிறுநீர் போனபின் ஒரு எரிச்சல். நான் அதை ஏதோ அசிங்கமான நோய் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். என்ன தப்பு செய்தேன் என்று யோசித்து யோசித்து, செய்யாத தப்புக்கெல்லாம் பயந்தேன். திருப்பத்தூர் லாட்ஜுகளில் மாதம் ஒருமுறை வந்து தங்கும் வைத்தியர்களிடம் போய் லேகியம் வாங்கித் தின்றேன். மனைவியிடம் சொல்லவில்லை. அவளைவிட்டு விலகியே படுத்தேன். அவள் வேறு ஏதோ நினைத்துக்கொண்டு அழுதாள்.

ஒருநாள் மதியம், சீட்டு மேசை அருகே நான் நின்றுகொண்டு எழுதிக்கொண்டிருந்தபோது ரஷீதாம்மா வந்து எதிரில் நின்றார்.

"கம்பவுண்டரே, எத்தன வருஷமா குந்த முடியல?"

எனக்கு முகம் சுட்டது. அதெல்லாம் ஒன்றும் இல்லை, நின்று எழுதிப் பழகிவிட்டது என்றேன்.

"ஜீப்புல எடம் இருந்தாலும் நின்னுனு வர்றீங்க. சாப்பிடறதும் நின்னுனு. இந்த ரூமுக்கு வர்ற பொம்பளைங்க அத்தன பேரும் இப்படித்தான் நிக்கறாங்க. நான் இன்னா குருடியா?" என்றார். குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. நல்லவேளை, வராந்தாவில் யாரும் இல்லை.

டாக்டரிடம் அவரே சொல்லிவிட்டார். டாக்டர் பரிசோதித்தார், கீழே அனுப்பி வேண்டிய சோதனைகளைச் செய்யவைத்தார். அசிங்கமான நோய் எதுவும் இல்லை என்று தெரிந்த அன்று நான் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அதற்கும் ரஷீதாம்மா விடவில்லை. அழுது முடிந்தால் போய்த் தண்ணீர் காய வையுங்கள் என்றார். பெண்களெல்லாம் போனபிறகு அறையைக் கழுவி, எனக்கான தண்ணீரை நானே காயவைத்து, நானே தூக்கி, அந்தத் தொட்டியில் முதல்முறையாக உட்கார்ந்தேன். அவர் வராந்தாவில், சாத்திய கதவுக்கு வெளியே, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே ஆணையிட்டார். பல்லைக் கடிக்காதீர்கள், வயிற்றை எக்காதீர்கள், சிறுநீர் விடும்போது உடம்பு எப்படித் தளருமோ அப்படித் தளர விடுங்கள் என்றார். ஒரு பெண்பிள்ளை இதையெல்லாம் கதவுக்கு அந்தப்பக்கமிருந்து சொல்ல, நான் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு பூமி பிளந்து விழுங்காதா என்று இருந்தேன். "மூச்சப் புடிச்சுனு இருக்கீங்க. வுடுங்க. யாரும் அத்த எடுத்துனு போய்ட மாட்டாங்க" என்றார். விட்டேன். எவ்வளவு காலமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் என்னைக் கையால் தொட்டு வைத்தியம் பார்க்கவில்லை. அவருக்கும் சரிவராது, எனக்கும் சரிவராது. என் மனைவியை வரவழைத்தார். அந்த அறையில் வைத்து, தன் கையை அவள் கைமேல் வைத்து, இடுப்பை எங்கே அழுத்துவது, எவ்வளவு அழுத்துவது, எங்கே அழுத்தவே கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். என் மனைவி அன்று வெளியே வந்தபோது என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. பாதி ஆறுதல், பாதிக் கோபம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று வீடு போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

என் வலி போகவில்லை. குறைந்தது. முதலில் சாப்பிடும் நேரம் வரை உட்கார முடிந்தது, பிறகு சினிமா இடைவேளை வரை. குளிர்காலத்தில் திரும்ப வரும். அப்போது மனம் ஒடிந்து, எல்லாம் வீண் என்று அவரிடம் போய் நிற்பேன். "போய்டும்னு நான் எப்பவாச்சும் சொன்னனா?" என்று கேட்பார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. மறுபடி தண்ணீர் காயவைக்கச் சொல்வார்.

எல்லோருக்கும் குறையவும் இல்லை. நெடுங்காலம் வந்த ஒரு பெண்ணுக்குக் கடைசிவரை ஒரு மாற்றமும் இல்லை. அதை ரஷீதாம்மா யாரிடமும் மறைக்கவில்லை. என் கைக்கு இது பிடிபடவில்லை என்று அவளிடமே சொல்லி, வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப்போனார். திரும்பி வந்தபின் சில நாட்கள் எங்கள் யாரோடும் அவர் பேசவில்லை. அந்தச் சில நாட்கள் அமைதியாக இருந்தன. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் கண் மங்க ஆரம்பித்து அவர் வேலையை விட்டார். பிரிவு உபசார விழா என்று செயலாளரே முன்னின்று ஏற்பாடு செய்தார். பந்தல், நாற்காலி, ரோஜா மாலை. மலை முழுக்கப் பெண்கள் வந்துவிட்டார்கள். ரஷீதாம்மாவைக் காணோம். காலையில் கிளம்பிய முதல் ஜீப்பிலேயே ஏறிக் கீழே போய்விட்டிருந்தார். வாங்கிய மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் செயலாளர் அதை என் கழுத்தில் போட்டார். அத்தனை பெண்களும் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அவருக்குப் பிறகு அந்த அறைக்கு யாரும் கிடைக்கவில்லை. கொஞ்ச காலத்தில் நானும் மலையைவிட்டு இறங்கிவிட்டேன்.

செய்தி தெரிந்த மறுநாள் வாணியம்பாடிக்குப் போனேன். அவருடைய தங்கை வீட்டில் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். உறவுக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் சிலர் இருந்தார்கள். எனக்கு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்கள். வேண்டாம் என்று அவர்களோடு பாயில் உட்கார்ந்தேன். மலையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. ஏதோ நர்சு வேலை என்று நினைத்திருந்தார்கள். அதையும் அவர் சொல்லவில்லை. எனக்கு மறுபடி எரிச்சல் வந்தது. நான் சொன்னேன். விறகையும் கோவிந்தனையும் செயலாளரையும் பற்றிச் சொன்னேன். என்னைப் பற்றியும், பெரியவர்கள் முன்னால், குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். ஒரு கிழவர் மட்டும் கொஞ்சம் நகர்ந்து என் பக்கத்தில் வந்து, அப்படி ஒரு வலிக்கு வைத்தியம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். முதலில் எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னேன்.

பேச்சு முடிந்து டீ வந்தது. வெளியே வெயில் சாய்ந்திருந்தது. மதியம் வந்து பாயில் உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாய்ந்துகொள்ளவில்லை, கால் மாற்றவில்லை, எப்போது எழலாம் என்று வாசலைப் பார்க்கவில்லை. துக்க வீட்டில் மற்றவர்கள் உட்கார்வதுபோல உட்கார்ந்திருந்தேன்.

ரஷீதாம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான். இதற்காக அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்ல இடம் கொடுக்கிற மனுஷி இல்லை.